ஆளில்லாத கூடம்

மின்விசிறியின் இறகில் தூசி படிந்திருப்பதைக் கவனித்திருப்பீர்கள். அத்தனை வேகத்தில் சுற்றினாலும் அது பறப்பதில்லை. பரப்பை ஒட்டிய காற்று அந்தப் பரப்பைவிட்டு நகராது. என் வேலை அங்கிருந்துதான் தொடங்குகிறது.

ஓர் அறைக்குள் காற்று எப்படி ஓடும் என்று கணினியில் போட்டுப் பார்க்கிறவன் நான். ஒவ்வொரு சுவருக்கும் நாம்தான் சொல்ல வேண்டும்: இங்கே வேகம் பூஜ்யம், இதற்குள் எதுவும் நுழையாது. எல்லை நிபந்தனை என்போம். மேசைக்கும் அதேதான். நிற்கிற ஆளுக்கும் அதேதான்.

மரச்சாமான் தொழிற்சாலை ஒன்றின் பெயிண்ட் கூடத்துக்குக் கணக்குப் போட்டேன். ஆளில்லாத கூடத்தில் காற்று நேராக ஓடி, பெயிண்ட் ஆவியை வெளியே கொண்டுபோனது. நடுவில் ஓர் ஆளை நிறுத்தினேன். காற்று அவன் முதுகில் மோதிப் பிரிந்து, முன்பக்கம் சுழன்று, ஆவியை அவன் மூக்குக்கே திருப்பிக் கொண்டுவந்தது. அறிக்கையில் ஆளில்லாத படத்தை வைத்தேன்.

அங்கே பெயிண்ட் அடித்தவர் என் தங்கையின் கணவர். தங்கமான மனிதர். பெற்றோர் போன பிறகு தங்கையை வளர்த்தவன் நான். கல்யாணமானதும் வாரம் ஒருமுறை வந்தாள். பிறகு எப்போதாவது. வந்தாலும் கடிகாரத்தையே பார்ப்பாள்.

அப்படி வந்த ஒரு நாள், சாப்பிடும்போது கூட வந்த அவள் கணவர் கேட்டார்.

“காத்துக்கே சட்டம் போடுற ஆளு நீங்க மச்சான். பக்கவாட்டுல நின்னு அடிச்சா கை வலிக்குது. காத்து முதுகுல படுற மாதிரி நிக்கலாமா?”

“தாராளமா நில்லுங்க மாப்பிள்ளை.”

“மாஸ்க் போட்டா மூச்சு முட்டுது.”

“அதான் இவ்வளவு காத்து ஓடுதே.”

“அண்ணனே சொல்லிட்டாரு. இனிமே நானும் பயப்படாம இருப்பேன்” என்று தங்கை சிரித்தாள்.

அவருக்கு இருமல் வந்தபோது என் காரில்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். தங்கை பணம் கட்டப் போயிருந்தாள். என்ன வேலை என்று டாக்டர் கேட்டார். மாப்பிள்ளைக்குப் பேச மூச்சில்லை. துணிக்கடையில் கணக்கு எழுதுகிறார் என்று நான் சொன்னேன். சளிக்கு மருந்து கொடுத்தார்கள். அடுத்த மழைக்காலம்வரை இருந்தார்.

தெரியாமல் நடந்ததா என்று கேட்கிறீர்கள். இல்லை. சாக வேண்டும் என்றுதான் செய்தேன். இதில் மறைக்க ஒன்றுமில்லை.

டாக்டரிடம் தங்கையே போய் விசாரித்தாள், புகாரும் அவள் கொடுத்ததுதான் என்கிறீர்கள். துக்கத்தில் இருக்கிறாள், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எழுத வேண்டியதைச் சீக்கிரம் எழுதி என்னை அனுப்பிவிடுங்கள். நான் போகாமல் அவள் சாப்பிட மாட்டாள்.