காதில் சொன்ன பெயர்கள்

உங்கள் காபியில் சர்க்கரை போடவில்லை, மிஸ்டர் பார்லோ. கொஞ்சம் பால் மட்டும். நியூ ஹாம்ப்ஷயரின் குளிரில் நாம் எல்லோரும் ஒரே பஸ்ஸில் சுற்றிய நாட்களில் கவனித்து வைத்தது. யார் காபியை எப்படிக் குடிப்பார்கள், யாருக்கு எந்த முழங்காலில் வலி, யாருடைய மகன் எந்தக் கல்லூரியில் தோற்றான் என்பதெல்லாம் எனக்குத் தானாகவே மனதில் ஒட்டிக்கொள்ளும். பெருமைக்குச் சொல்லவில்லை. அதுதான் என் பிழைப்பு.

போனைக் காரிலேயே வைத்துவிட்டு வரச் சொன்னதைத் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். லோர்னா வெய்ட் ஏன் விலகினார் என்று கேட்டுக்கொண்டு நெப்ராஸ்கா வரைக்கும் வந்தவர் நீங்கள் ஒருவர்தான். மற்ற பத்திரிகைக்காரர்கள் ஆளுக்கொரு காரணத்தை எழுதிவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விட்டார்கள். இவ்வளவு தூரம் வந்தவரை மழுப்பி அனுப்புவது முறையில்லை. தவிர, இருபது வருஷம் ஒருவருக்குப் பின்னால் நின்றவனிடம் யாரும் எதையும் கேட்பதில்லை. நீங்கள் கேட்டது எனக்குச் சந்தோஷம்தான்.

லோர்னா கவர்னர் பதவியை விட்டு எவ்வளவோ காலமாகிவிட்டது. ஆனாலும் நான் அந்த அம்மாவைக் கவர்னர் என்றுதான் கூப்பிடுவேன். அந்தக் குளிர்காலம் தொடங்கியபோது அவர் யாரும் எட்டிப் பிடிக்க முடியாத உயரத்தில் இருந்தார். கட்சியின் ஜனாதிபதி வேட்பாளர் அவர்தான் என்று எல்லாக் கருத்துக்கணிப்பும் சொன்னது. எதிர்த்து நின்ற மற்றவர்கள் துணை ஜனாதிபதி பதவிக்கு மனுப் போடுகிறார்கள் என்று நீங்களே கிண்டலாக எழுதினீர்கள். சந்தேகம் என்று ஒன்று இருந்ததென்றால், பெரும் புள்ளிகள் கொடுத்த விருந்துகளில்தான். கையில் கோப்பையோடு ஓரமாக ஒதுங்கி நின்று கிசுகிசுப்பார்கள். "கட்சிக்குள்ள ஜெயிச்சிருவாங்க. நவம்பர்ல நிஜத் தேர்தல் வரும்போது தாங்குவாங்களா? வயசாகுதே." அப்படிப் பேசுகிறவர்களிடம் முதலில் சண்டைக்குப் போகிறவன் நான்தான். உங்களுக்கே தெரியும்.

என் வேலை எளிமையானது. கூட்டத்தில் அவருடைய இடது தோளுக்குக் கொஞ்சம் பின்னால் நிற்பேன். கை கொடுக்க வருகிறவர் நெருங்குவதற்குள் காதில் போட்டுவிடுவேன். "டோரிஸ். ஸ்கூல் பஸ் ஓட்டினவங்க. பேத்தி கடற்படையில." அவர் தன் நெஞ்சிலிருந்தே வந்ததுபோல அந்தப் பெயரைச் சொல்லிக் கையைப் பிடித்துக்கொள்வார். மற்ற மாநிலங்களில் இது ஒரு மரியாதை, அவ்வளவுதான். கட்சிக்குள் முதல் ஓட்டுப்பதிவு நடக்கும் நியூ ஹாம்ப்ஷயரில் ஓட்டே இதில்தான் இருக்கிறது. அங்கே வேட்பாளர் வீட்டுக் கூடத்துக்கு வந்து, அவர்கள் சுட்ட கேக்கைத் தின்று, கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். "மூணு தடவைதானே பாத்திருக்கேன், அதுக்குள்ள எப்படிங்க முடிவு பண்றது?" என்று முகத்துக்கு நேரே சொல்லுவார்கள். நாலாவது முறை வரும்போது தங்கள் பெயர் வேட்பாளருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பார்கள். தெரியாவிட்டால் கோபப்பட மாட்டார்கள். பேசாமல் எழுந்து போய் வேறொருவருக்கு ஓட்டுப் போடுவார்கள்.

டிசம்பரில் ஒரு மத்தியானம், கான்கார்டுக்கு வெளியே ஒரு சாலையோரச் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்திருந்தோம். அதற்குக் கொஞ்சம் முன்னால்தான் வாஷிங்டனிலிருந்து ரோலின்ஸ் என்ற பையனைப் பிரசாரத்தை நடத்தக் கொண்டுவந்திருந்தார்கள். கெட்டவன் இல்லை. என்னை வைத்துக்கொண்டே என்னை 'அந்தப் பெரியவர்' என்பான். அவன் எழுந்து போனதும் கவர்னர் என் கையைத் தட்டினார்.

"டெக்ஸ், மனசுல பட்டதைச் சொல்லிடறேன். ஜெயிச்சு அங்க போனப்புறம் உன்னைப் போட்டு இழுத்தடிக்க மாட்டேன். வெள்ளை மாளிகையில பேரு சொல்ல ஆளு எதுக்கு? வர்றவன் எல்லாம் அவனவன் பேரை அவனே சொல்லிக்கிட்டுத்தான் வருவான். நீ வீட்டுக்குப் போய் நிம்மதியா இரு. போதும்ப்பா, உழைச்சது."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அன்பாகத்தான் சொன்னார். நானும் சிரித்தேன். ஆப்பிள் பை நன்றாக இருந்தது, தட்டில் எதையும் மிச்சம் வைக்கவில்லை.

அந்த வருத்தத்தில் செய்தேன் என்று தயவுசெய்து எழுதிவிடாதீர்கள். அது சின்னப்புத்திக்காரர்கள் செய்வது. எனக்கு வந்தது வேறு யோசனை. தான் யாரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறோம் என்பதே தெரியாத ஒருவர் ஒரு தேசத்தை எப்படிப் பிடித்து நிறுத்துவார்? விருந்துகளில் நான் சண்டை போட்டு அடக்கிய அந்தக் கேள்வி அன்றுதான் எனக்கு நியாயமாகப் பட்டது. சந்தேகம் வந்தால் சோதித்துப் பார்த்துவிட வேண்டும். நான் செய்தது அதைத்தான்.

கீன் ஊரில் ஒரு வீட்டுக் கூட்டம். டோரிஸ் வந்தாள். அவள் கணவன் லைல் அக்டோபரில் இறந்துபோயிருந்தான். கவர்னரே போன் செய்து வெகுநேரம் ஆறுதல் சொல்லியிருந்தார். நான் காதில் சொன்னேன்: "டோரிஸ். புருஷன் லைலுக்கு இடுப்பு ஆபரேஷன்."

கவர்னரின் கண்ணில் ஏதோ சந்தேகம் தெரிந்தது, ஒரு கணம்தான். தன் நினைவா, என் வார்த்தையா என்று வந்தபோது என் வார்த்தையை எடுத்துக்கொண்டார். இருபது வருஷப் பழக்கம் அப்படி.

"டோரிஸ், எப்படி இருக்கீங்க? லைல் எங்க காணோம்? இடுப்பு தேவலையா, நடக்க ஆரம்பிச்சுட்டாரா?"

டோரிஸ் கோபப்படவில்லை. பாவமாகப் பார்த்தாள். "கவர்னர், லைல் போயிட்டாரே. நீங்கதான் போன் பண்ணி, என்னோட சேந்து அழுதீங்க."

காரில் ஏறியதும் கவர்னர் என் பக்கம் திரும்பினார். "என்ன டெக்ஸ், இடுப்பு ஆபரேஷன்னுதானே சொன்ன?"

"இல்லையே கவர்னர். லைல் தவறிட்டாரு, பாத்துப் பேசுங்கன்னு சொன்னேன்."

"அப்படியா சொன்ன?"

"ஆமா."

வெகுநேரம் என் முகத்தையே பார்த்தார். இருபது வருஷத்தில் நான் ஒரு பெயரைக்கூடத் தப்பாகச் சொன்னதில்லை. அதனால் தப்பு என் பக்கம் இருக்கலாம் என்ற நினைப்பே அவருக்கு வரவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு பனியைப் பார்த்தபடி வந்தார்.

அதற்குப் பிறகு நான் அவசரப்படவில்லை. ஒரு கூட்டம் முழுக்க ஒழுங்காகச் சொல்லுவேன். அடுத்ததில் ஒன்றே ஒன்று பிசகும். ஒரு பாதிரியாரை மருந்துக்கடைக்காரர் ஆக்கினேன். பிள்ளையை இழந்த ஒரு தாயிடம் பையன் எப்படிப் படிக்கிறான் என்று கேட்க வைத்தேன். அது கொஞ்சம் அதிகப்படியோ என்று அன்று மாலை தோன்றியது. ஆனால் சோதனை என்றால் பாதியில் நிறுத்தக் கூடாது.

ஊர் பேச ஆரம்பித்துவிட்டது. காலைச் சிற்றுண்டிக் கடையில் ஒரு பால்பண்ணைக்காரன் எல்லோரும் கேட்கச் சொன்னான்: "நம்ம பேரே நிக்காத மண்டையில நாளைக்கு அணுகுண்டு பொத்தான் எதுன்னு நிக்குமா? பக்கத்துல அந்த ஆளு நின்னு காதுல சொன்னாத்தான் உண்டு." கடையே சிரித்தது. நீங்களும் அங்கே முட்டை தின்றுகொண்டிருந்தீர்கள், மிஸ்டர் பார்லோ. வெளியே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "உள்ளதைச் சொல்லுங்க டெக்ஸ்டர், கவர்னருக்கு ஒண்ணுமில்லையே?" என்று கேட்டீர்கள். நான் கீழே பார்த்துக்கொண்டு, "களைச்சிருக்காங்க, அவ்வளவுதான். எழுதிறாதீங்க" என்றேன். மறுநாள் முதல் பக்கத்தில் உங்கள் தலைப்பு: முன்னணியில் இருப்பவர் முடிவுவரை தாங்குவாரா? நல்ல தலைப்பு. நாடு முழுக்க அதையே திருப்பிப் போட்டார்கள்.

தொலைக்காட்சி விவாதத்தில் நடந்ததற்கு நான் பொறுப்பில்லை. மேடையில் என்னால் நிற்க முடியாது. ஆனால் ஒவ்வொரு பெயரைச் சொல்வதற்கு முன்னும் அவர் நிறுத்தினார். தலையை லேசாக இடது பக்கம் திருப்பினார், நான் நிற்கும் பக்கம். அங்கே யாரும் இல்லை. தன்னைக் கேள்வி கேட்கிறவரின் பெயர் வாயில் இருந்தும் அதைச் சொல்லப் பயந்து, 'நீங்கள்' என்று சமாளித்தார். கோடிப்பேர் அதைப் பார்த்தார்கள்.

அவருடைய அப்பா கடைசிக் காலத்தில் நினைவு தப்பிப் போனவர். பெற்ற மகளைத் தன் அக்கா என்று நினைத்து, சோறு போடவில்லை என்று ஊரைக் கூட்டுவார். கவர்னர் அதை ஆறு வருஷம் பார்த்தார். அப்பாவை அடக்கம் செய்த அன்று கல்லறை வாசலிலேயே என்னிடம் சத்தியம் வாங்கினார்: "எனக்கும் இப்படி ஆரம்பிச்சா, ஊரு சிரிக்கிறதுக்கு முன்னாடி நீ எங்கிட்ட சொல்லிடணும். வேற யாரு சொன்னாலும் நான் நம்ப மாட்டேன்."

ஜனவரியில் ஒரு பகல், தேவாலயத்து வாசலில் காரை நிறுத்தியிருந்தோம். உள்ளே ஜனங்கள் காத்திருந்தார்கள். அவர் இறங்கவில்லை.

"டெக்ஸ், ஒளிக்காம சொல்லு. ஆரம்பிச்சிருச்சா?"

உடனே பதில் சொன்னால் நன்றாக இருக்காது. கொஞ்சம் பொறுத்தேன். "கொஞ்ச நாளாவே கவனிக்கிறேன், கவர்னர். சொல்ல மனசு வரல."

தன் கணவரைப் புதைத்தபோதுகூட அழாதவர். அன்று என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு, "ஐயோ டெக்ஸ், எங்கப்பா மாதிரியா, எங்கப்பா மாதிரியேவா" என்று அழுதார். எனக்கு உண்மையாகவே மனது கஷ்டமாக இருந்தது. அவருடைய கண்ணாடியைத் துடைத்துக் கொடுத்தேன்.

யாருக்கும் தெரியாமல் பாஸ்டனில் ஒரு மூளை மருத்துவரிடம் கூட்டிப்போனேன். காலையிலிருந்து சாயங்காலம்வரை பரிசோதித்தார்கள். முடிவைச் சொல்லும்போது நானும் கூட இருக்க வேண்டும் என்று கவர்னர் பிடிவாதம் பிடித்தார். மருத்துவர் ஒல்லியான மனிதர், சுற்றி வளைக்கவில்லை. "உங்க மூளைக்கு ஒரு குறையும் இல்ல. என்னோடதைவிட நல்லா வேலை செய்யுது. தூங்குங்க, போதும்." கவர்னர் தலையாட்டினார். ஆனால் முகம் மலரவில்லை.

திரும்பி வரும்போது மாநில எல்லையைத் தாண்டினோம். பிறகு மெதுவாகக் கேட்டார்: "டெக்ஸ், அவரு என்ன சொன்னாரு? ஒண்ணுமில்லைன்னு சொன்ன மாதிரி எனக்குக் காதுல விழுந்துச்சு. அப்படித்தான் சொன்னாரா?"

ஆமாம் என்ற ஒரு சொல் போதும், மிஸ்டர் பார்லோ. எல்லாம் சரியாகியிருக்கும். நான் அதை யோசிக்காமல் இல்லை.

"இல்ல கவர்னர். ஆரம்பம்தான்னு சொன்னாரு. பக்குவமா சொன்னாரா, அதான் உங்களுக்கு அப்படித் தோணியிருக்கு."

ஏற்றுக்கொண்டார். தன் இரண்டு காதால் கேட்டதைத் தூக்கிப் போட்டுவிட்டு நான் சொன்னதை எடுத்துக்கொண்டார். என் சோதனை அங்கே முடிந்தது. சொந்தக் காதை நம்பாதவரிடம் நாட்டை ஒப்படைக்கலாமா? நீங்களே சொல்லுங்கள். சந்தேகப்பட்டவர்கள் சரியாகத்தான் சந்தேகப்பட்டிருக்கிறார்கள்.

ஓட்டுப்பதிவுக்கு முந்தின வாரம் போட்டியிலிருந்து விலகினார். குடும்பக் காரணம் என்று அறிக்கை. ரோலின்ஸ் ஓட்டல் வரவேற்பறையில் உட்கார்ந்து குழந்தைபோல அழுதான். நான்தான் தேற்றினேன். அப்பாவுக்குக் கொடுத்த மருந்தும் சிகிச்சையும் ஒன்றுக்கும் உதவவில்லை, தனக்கு எதுவும் வேண்டாம், இனி எந்த மருத்துவரிடமும் காட்டாதே என்று கவர்னர் சொல்லிவிட்டார். அவர் விருப்பத்தை மதிக்கிறேன்.

இப்போது நாங்கள் இருவரும் இந்த வீட்டில்தான். தபால், தொலைபேசி எல்லாம் என் பொறுப்பு. கவர்னருடைய மகள் ஞாயிறுதோறும் போனில் கூப்பிடுவாள். "நீங்க மட்டும் இல்லன்னா அம்மா கதி என்ன ஆகும், டெக்ஸ் அங்கிள்" என்று ஒவ்வொரு முறையும் சொல்லுவாள். கவர்னர் நிறையப் படிக்கிறார். பத்திரிகையில் வரும் குறுக்கெழுத்தை எனக்கு முன்னால் முடித்துவிடுவார். முடித்ததும் சரியா என்று என்னிடம் காட்டுவார். எல்லாம் சரியாகத்தான் இருக்கும். சில நாள் இல்லை என்று சொல்லுவேன். அழித்துவிட்டு மறுபடி உட்காருவார்.

இதோ அவரே வருகிறார். எழுந்திருக்க வேண்டாம்.

"யாரு வந்திருக்கா, டெக்ஸ்? அட, இவரு பார்... பார்லோ தானே? நியூ ஹாம்ப்ஷயர்ல மான்செஸ்டர் பத்திரிகை. முன்வரிசையில உக்காந்து வம்புக் கேள்வியா கேப்பாரே."

"இல்ல கவர்னர். இவரு இன்சூரன்ஸ் விஷயமா வந்திருக்காரு."

"ஓ. மன்னிச்சுக்குங்க. எனக்கு இப்பல்லாம் இப்படித்தான். நீங்க பேசிட்டிருங்க."

கதவை எவ்வளவு மெதுவாகச் சாத்திக்கொண்டு போகிறார், பார்த்தீர்களா. உங்கள் பெயர், ஊர், முன்வரிசை நாற்காலி எல்லாம் சரியாகச் சொன்னார். நீங்கள் ஏதோ சொல்ல வாயைத் திறந்தீர்கள். நான் தடுக்கவில்லை. இப்போதும் தடுக்க மாட்டேன், பக்கத்து அறையில்தான் இருக்கிறார். போய் எல்லாவற்றையும் சொல்லுங்கள். டோரிஸ், பாஸ்டன் மருத்துவர், குறுக்கெழுத்து, ஒன்றையும் விட வேண்டாம். பொறுமையாகக் கேட்பார். கேட்டு முடித்ததும் என்னைக் கூப்பிட்டு, "இவரு சொல்றது நிஜமா, டெக்ஸ்?" என்பார். நான் இல்லை என்பேன். உடனே அவருக்கு நிம்மதியாகிவிடும். அந்த நிம்மதியைக் கொடுக்க அவருக்கு இந்த உலகத்தில் என்னை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்?