மச்சான் புடிச்ச கயிறு

மொதல்ல அதத் திரும்பச் சுத்துங்க தம்பி. அந்தக் காக்கித் தாள்லயே சுத்துங்க. பாத்துட்டேன், போதும். எங்க வூடுகள்ல படம் மாட்டுறதில்ல. ஆமா, முஸ்லிம் வூடுகள்ல அப்பிடித்தான். ஒங்க மலையேறுற கிளப்புல பெரிய படிப்புப் படிச்சவங்க அத்தன பேரு இருக்காங்க, ஒருத்தருக்குக் கூடவா இது தெரியல?

தங்கச்சி இங்கன இல்ல. நல்ல தண்ணிக் கெணத்துக்குப் போயிருக்கு, வர நேரமாவும். எங்கிட்டக் குடுத்துட்டு நீங்க பஸ்ஸப் புடிங்க. என்னாது? அது கையிலதான் குடுக்கணும்னு நாகநாதன் சார் சொல்லிவுட்டாரா? தூ! ஒங்களச் சொல்லல தம்பி. இந்த வெயில்ல ராமநாதபுரத்துலேருந்து கீழக்கரைக்கு மெனக்கெட்டு வந்திருக்கீங்க, ஒங்களப் பாத்துத் துப்புவேனா? ஒக்காருங்க. அந்தத் தோணி நெழல்ல ஒக்காருங்க, மணல் சுடாது.

நாந்தான் அலியார். படத்துல இருக்கானே சதக்கத்துல்லா, அவன் எனக்கு மச்சான், எந் தங்கச்சி குல்சும் மாப்புள்ள. நீங்க கிளப்பு ஆபீசுக்குப் புதுசா? நெனச்சேன். அன்னைக்கு மலைக்கு வந்திருந்தீங்கன்னா இந்தப் படத்தத் தூக்கிக்கிட்டு இந்த வாசலுக்கு வந்திருக்க மாட்டீங்க.

நாங்க சங்கு குளிக்கிறவங்க. அவன் கடலுக்குள்ள முங்குவான், நான் தோணியில நின்னு அவன் இடுப்புக் கயித்தப் புடிப்பேன். எட்டு வருசம் இப்பிடித்தான். முங்குறவன் கயித்த அவன் பொண்டாட்டி கூடப் பொறந்தவன்தான் புடிக்கணும். எங்க வாப்பா காலத்துலேருந்து எங்களுக்கு அதான் வழக்கம். ஏன்னா, மத்தவனுக்குக் கீழ கெடக்கிறவன் யாரோ ஒரு ஆளு. எனக்கு எந் தங்கச்சி கழுத்துக் கருகமணியில்ல அந்தக் கயித்துல தொங்குது? மூக்கு மேல ஈ ஒக்காந்தாலும் கைய எடுக்க மாட்டேன். கீழருந்து ஒரு சுண்டு சுண்டுனான்னா தூக்குன்னு அர்த்தம். தூக்கிருவேன்.

அத வேடிக்க பாக்கத்தான் ஒங்க கிளப்பு ஆளுக நாலு பேரு வந்தாங்க, கண்ணுல தொலைநோக்கி வச்சுக்கிட்டு. பிரசிடெண்டு நாகநாதன் சார் சொல்றாரு, பிரமாதமான ஸ்போர்ட்டுங்கிறாரு. மூச்ச அடக்கி, காதுல ரத்தம் வர ஒருத்தன் மேல வாரான், அது இவங்களுக்கு வெளையாட்டு. ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேக்கால மலையில ஒரு இடுக்கு இருக்காம், ரெண்டு பக்கமும் செங்குத்துப் பாறையாம், அடியில சொனையாம். கயித்தக் கட்டி எறங்கிக் குளிச்சுட்டு ஏறி வரணுமாம். மொதல்ல எறங்கிக் காட்ட ஒரு ஆளு வேணுமாம்.

ஏறி எறங்கி என்னாத்த எடுக்கப் போறீங்கன்னு கேட்டேன். ஒண்ணும் எடுக்க இல்லியாம், சும்மாவாம். சும்மா! தேனெடுக்கப் போறவன் தொங்குறான், ஒரு நாயம் இருக்கு. வெறகொடிக்கப் போறவன் ஏறுறான், அதுலயும் நாயம் இருக்கு. வவுறு நெறைய தின்னுட்டு அது செமிக்கிறதுக்கு மலையில தொங்குறதுக்கு என்னா பேரு?

நான் வரலன்னுட்டேன். இந்த மச்சான் பயதான் கெடந்து குதிச்சான். கடலோட அடியப் பாத்துட்டேன் மச்சான், மலையோட அடி எப்பிடி இருக்குன்னு பாக்கணும்னு சொல்றான். தங்கச்சி முடியவே முடியாதுன்னுச்சு. ரெண்டு நாளு அழுதுச்சு. மூணாவது நாளு எங்கிட்ட வந்து, காக்கா, நீ கயித்தப் புடிக்கிறதா இருந்தா போவட்டும்னுச்சு. அண்ணன எங்கள்ல காக்கான்னுதான் கூப்புடுறது. நான் புடிக்கிறேன் தாயின்னு சொன்னேன்.

வேன்ல போனோம். அய்யய்ய, அந்தக் கூத்த என்னான்னு சொல்ல! பாறையில ஏற இரும்பாணி அடிச்ச பூட்ஸு. பிளாஸ்குல காப்பி, டப்பா டப்பாவா பிஸ்கோத்து, பாட்டுப் பெட்டி. பாவம், அதச் சொமந்துக்கிட்டு மலையாளுக ரெண்டு பேரு வெறுங்கால்ல நடக்குறாங்க. பூட்ஸு போட்டவரு நாலு எட்டுக்கு ஒருக்கா ஒக்காந்து இயற்கை இயற்கைன்னு பெருமூச்சு வுடுறாரு. அந்த இடுக்கப் பாத்தா, சத்தியமா சொல்றேன், அல்லாவோட படைப்பு, வாயத் தொறந்தா பேச்சு வராது. இவங்க அதுக்குள்ள எட்டிப் பாத்து கூ கூன்னு கத்துறாங்க, எதிரொலி கேக்குதாம். முட்டத் தோட்ட உரிச்சு உள்ள வுட்டெறியிறாங்க. ஒருத்தரு ஓரமா நின்னு அந்தச் சொனைக்குள்ளயே ஒண்ணுக்குப் போனாரு, எவ்வளவு நேரத்துல கீழ வுழுவுதுன்னு இன்னொருத்தரு கடியாரம் பாக்குறாரு. சீ! அந்தத் தண்ணியிலதான் எம் மச்சானப் பொறக்குனோம்.

ஆமா, கயிறு பாறையில ஒரசி அந்துபோச்சு. அம்புட்டுதான். மையத்த மேல கொண்டாரதுக்குள்ள பொழுது சாஞ்சுருச்சு. ஒங்க ஆளுக என்னா செஞ்சாங்க தெரியுமா? நாலு பேரும் தனியாப் போயி இங்கிலீசுல குசுகுசுன்னாங்க. ஒருத்தரு பாட்டுப் பெட்டியத் தொடச்சு உறையில போட்டாரு. ஒருத்தரு மிச்ச பிஸ்கோத்த எனக்கு நீட்டுனாரு. வாங்கித் தின்னேன் தம்பி. அந்த நேரத்துல வாங்கித் தின்னேன், என்னான்னு கேளுங்க. ஏழு மாசமாச்சு, அந்த இனிப்பு இன்னும் வாயில நிக்கிது.

தங்கச்சி ஒரு வார்த்த என்னையக் கேக்கல. புருசன் மவுத்துக்கு இத்தா இருந்த நாலு மாசமும் பத்து நாளும் அறைக்குள்ளயே கெடந்துச்சு. முடிச்சு வெளிய வந்த மொத நாளு எனக்குத்தான் சோறு போட்டுச்சு. கயிறு அந்ததுக்கு நீ என்னா செய்வே காக்கான்னு சொல்லிச்சு. தெனமும் போடுது. நானும் குனிஞ்ச தல நிமிராம திங்கிறேன்.

மாட்ட வேணாம், பொட்டியில வச்சுக்கிறட்டும்னு சொல்றீங்க. அவன் மொகம் வேற எதுலயும் இல்லியேன்னு சொல்றீங்க. வாஸ்தவந்தான். இல்ல. தூக்கத்துல அவன் மொகம் மறந்து மறந்து போவுதுன்னு முந்தாநேத்து எங்கிட்டச் சொல்லி அழுதுச்சு. எனக்கு மட்டும் ஆசை இல்லியா, அது பாக்கணும்னு? அவன் இருக்குற பக்கத்த மட்டும் வெட்டிக் குடுக்க முடியுமா தம்பி, மொகம் மட்டும்? கண்ணாடிச் சட்டம் போட்டுட்டாங்களா. சரிதான்.

என்னா கேட்டீங்க? படத்துல கயித்த பிரசிடெண்டு சார்ல்ல புடிச்சிருக்காருன்னா கேட்டீங்க?

கண்ணு நல்லாத்தான் தெரியுது ஒங்களுக்கு.

கயித்த மரத்துல கட்டிருங்கன்னு மலையாளு ஒருத்தன் சொன்னான். நாந்தான் ரோசப்பட்டேன். தோணியில எந்த மரத்துலடா கட்டுறோம், இந்தக் கைதான்டா மரம்னேன். மச்சான் பாறை விளிம்பத் தாண்டி நெஞ்சளவு எறங்கிட்டான். மேல பாத்துச் சிரிக்கிறான். அந்நேரம் பாத்து நாகநாதன் சார் ஓடியாராரு. அலியாரு, ஒரு நிமிசம், போட்டோவுக்கு நான் புடிக்கிறேன், நீ இதப் புடின்னு தொப்பியக் கழட்டி நீட்டுறாரு. மாட்டேன்னு சொல்லிருக்கணும். அவ்வளவு பெரிய மனுசன் கேக்குறாருன்னு பல்லக் காட்டிக்கிட்டுக் குடுத்துட்டேன். படமும் புடிச்சாச்சு. கயிறு திரும்ப என் கைக்கு வாரதுக்குள்ள மச்சானுக்குப் பாசியில கால் வழுக்கிருச்சு. கயித்த ஒரு சுண்டு சுண்டுனான். எனக்குச் சுண்டுனான் தம்பி, நான் புடிச்சிருக்கேன்னு நெனச்சுச் சுண்டுனான். அவரு படிச்ச பொஸ்தவத்துல சுண்டுனா கயிறு வேணும்னு அர்த்தமாம். வுட்டாரு. ஆளு கனம் மொத்தமும் வுழுந்ததும் அந்தப் பஞ்சுக் கையில கயிறு நிக்கல. நான் பாஞ்சேன். கயித்து நுனி என் கால் வெரல ஒரசிக்கிட்டுப் போச்சு.

அந்துபோச்சுன்னு சொல்லிருவோம், ஒனக்கும் நல்லது எனக்கும் நல்லதுன்னு சொன்னது அவரு. தலைய ஆட்டுனது நான். எங்க வழக்கம் அவருக்குத் தெரியாது, அதான் பெருமையா சட்டம் போட்டு அனுப்பிருக்காரு. தங்கச்சிக்குத் தெரியும். பாத்த ஒடனே கண்டுக்கிரும். நான் இம்புட்டு நேரமா அவங்களத் துப்புறேன், இவங்களத் துப்புறேன். எச்சி பூராம் எம் மேலதான் வுழுவுது.

அந்தா வருது பாருங்க, இடுப்புல கொடத்தோட. எந்திரிக்காதீங்க, இருங்க. படத்த என்னாத்துக்கு முதுகுக்குப் பின்னால ஒளிக்கிறீங்க? நான் சொன்னதுக்கா? வேணாம். வெளிய எடுங்க, தாளப் பிரிங்க.

ஏத்தா குல்சும், கொடத்த எறக்கி வச்சுட்டுக் கையத் தொடச்சுட்டு வா. கிளப்புலேருந்து இந்தத் தம்பி மச்சான் படம் கொண்டாந்திருக்காரு. மொகத்த நல்லாப் பாத்துக்க. பாத்துட்டு, இந்த ஓரத்துல நிக்கிறேன்ல, என் கையில என்னா இருக்குன்னு பாரு.