சூடு இறங்கிய நேரங்கள்

ஆனி ஆடியில் மேல்காற்று அடிக்கும்போது எங்கள் பக்கம் கதவைத் திறந்துபோட்டு வேலை பார்க்க முடியாது. எல்லாம் இதில்தான் ஆரம்பித்தது என்பதால் இதை முதலில் எழுதுகிறேன். நான் சொல்லச் சொல்ல ஏட்டையா எழுதிக்கொள்வார் என்றீர்கள், சார். வேண்டாம். எனக்கு எழுதத் தெரியும்.

என் பெயர் வேதமணி. வயது ஐம்பத்து மூன்று. கோவில்பட்டி தீப்பெட்டி ஆபீஸில் இருபத்தாறு வருஷம் குச்சிக்கு மெழுகு முக்கினேன். மெழுகுச் சட்டியின் சூட்டை வாசனையிலேயே சொல்லிவிடுவேன். மிஷின் வந்து வேலை போன பிறகு, நாற்பத்தெட்டு வயதில், சர்ச் வராந்தாவில் ஆஸ்லின் டீச்சரிடம் எழுத்துப் படித்தேன். ரேஷன் கடையில் போய்க் கையெழுத்துப் போடுகிறேன் என்று நின்றேன். இப்போதெல்லாம் எல்லோருக்கும் விரல் ரேகைதான் என்றார்கள்.

பிறகு என்னை வேலைக்கு வைத்த மணிகண்டபிரபு தம்பி என்ஜினியர். தன் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் அவரே ஒரு மிஷின் கட்டினார். இரும்புக் குழாய்க்குள் பிளாஸ்டிக் குருணையைப் போட்டால், குழாயைச் சுற்றிய ஹீட்டர் உருக்க, உள்ளே சுற்றும் திருகு அதைப் பித்தளை மூக்கு வழியாக நூலாக வெளியே தள்ளும். கம்ப்யூட்டர் வைத்துப் பொம்மை வார்க்கிற மிஷின்களுக்கு அந்த நூல்தான் தீனி. குழாயின் ஒரு துளையில் சென்சார் கம்பி செருகி ஸ்குரூ முறுக்கியிருக்கும். அது சொல்கிற சூடு ஒரு பெட்டியில் சிவப்பு எண்ணாக எரியும். இருநூறு நிற்க வேண்டும். குறைந்தால் நூல் தடித்து அறுந்துவிடும். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை அந்த எண்ணை நோட்டில் எழுதுவது என் வேலை. அதைவிட நல்ல வேலை எனக்கு வாய்த்ததில்லை.

தினமும் மத்தியானம் மூன்று மணிக்கு மேல் சூடு இறங்கியது. தம்பி ஹீட்டரை மாற்றினார், பெட்டியை மாற்றினார், கரண்டைத் திட்டினார். நான் எண்ணுக்குப் பக்கத்தில் ‘கதவு, காற்று’ என்று எழுதிவைத்தேன். நூல் வாங்க இரண்டு பேர் வந்திருந்த அன்று நோட்டைப் புரட்டினார்.

“ஏன் அண்ணாச்சி, இது என்ன காத்துன்னு எழுதிருக்கீய?”

“காத்து மூக்குல அடிக்கையில சூடு இறங்குது தம்பி.”

“எரநூறு டிகிரியக் காத்து வந்து ஊதி அணைக்குமாக்கும். இது என்ன உங்க மெழுகுச் சட்டியா?” வந்தவர்கள் பக்கம் திரும்பினார். “அம்பது வயசுல ஒண்ணாங் கிளாஸு. எட்டும் மூணும் இவியளுக்கு அண்ணன் தம்பி.”

சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் அந்தத் தாளைக் கிழித்து மிஷின் மூக்கில் வழிந்ததைத் துடைத்துப் போட்டார். நான்கு நாள் எழுத்து அது.

அடுத்த வாரம் மூக்கைச் சுற்றிச் சூடு தாங்கும் துணி கட்டியிருந்தது. கதவில் சாக்கு தொங்கியது. எண் இருநூறில் அசையாமல் நின்றது. அதே இரண்டு பேரிடம், “ரெண்டு மாசம் மண்டைய உடைச்சேன். கடைசில பாத்தா காத்து” என்றார். நான் பக்கத்தில்தான் நூல் சுற்றிக்கொண்டிருந்தேன். ஒரு தடவை என் பக்கம் பார்ப்பார் என்று நினைத்தேன்.

எனக்கு அவர் மேல் கோபம் இல்லை. நோட்டு பொய் சொல்லாது என்று அவருக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

மறுநாள் சென்சார் ஸ்குரூவை அரைச் சுற்று தளர்த்தினேன். கம்பி கொஞ்சம் வெளியே வந்தால் எண் இறங்கும். குழாய் குளிர்ந்துவிட்டது என்று பெட்டி நம்பி, இன்னும் சூட்டை ஏற்றும். மூன்று மணிக்கு 188. எழுதினேன். என்னிடம் வந்து கேட்பார் என்று காத்திருந்தேன். அவர் இன்னொரு சாக்கைக் கட்டினார். அதற்கு அடுத்த நாள் இன்னொரு அரைச் சுற்று.

மூன்றாம் நாள் நூல் காப்பி நிறத்தில் வந்து, பிறகு நின்றே போனது. மெழுகு அடிப்பிடிக்கும்போது வருகிற மாதிரி ஒரு வாசனை. உள்ளே இருநூறெல்லாம் எப்போதோ தாண்டியாயிற்று என்று எனக்குத் தெரியும். தம்பிக்குச் சளி பிடித்திருந்தது. வாசனை தெரியவில்லை. மிஷின் மூக்கு கருகி அடைத்ததை, சூடு பத்தாமல் உறைந்துவிட்டது என்று நினைத்தார். ஊசியை எடுத்துக்கொண்டு குனிந்தார்.

“அண்ணாச்சி, பெட்டியில எவ்வளவு காட்டுது?”

அவர் என்னிடம் ஒன்றை வாசிக்கச் சொன்னது அதுதான் முதல் தடவை.

“நூத்தி எழுபத்தொண்ணு தம்பி.”

“சரியா வாசிச்சீயளா?”

“சரியா வாசிச்சேன்.”

நம்பினார். துளை தெரியும்படி முகத்தை மிஷின் மூக்குக்கு நேரே கொண்டுபோய் ஊசியால் குத்தினார்.

ஜெயப்பிரியா ஓடிவந்து புருஷன் முகத்தில் தண்ணீர் ஊற்றியது. நான் சுவிட்சை அணைத்தேன். பிறகு நோட்டில் மூன்று நாற்பது, 171 என்று எழுதினேன்.

ஸ்குரூ தானாகக் கழன்றது என்று நீங்கள் எழுதியிருப்பதாக ஏட்டையா சொன்னார். தானாகக் கழலவில்லை. நான்தான் கழற்றினேன். மற்றபடி அந்த நோட்டில் ஒரு எண்கூடப் பொய் இல்லை, சார். இரண்டு கண்ணும் இனித் தெரியாது என்று டாக்டர் சொன்னாராம். பாவம், அவரால் வாசித்துப் பார்க்க முடியாது. நீங்கள் அனுமதி கொடுத்தால் ஒரு நாள் ஆஸ்பத்திரிக்குப் போய், பக்கத்தில் உட்கார்ந்து, முதல் பக்கத்திலிருந்து நானே அவருக்கு நிதானமாக வாசித்துக் காட்டுவேன்.