செக்பொயிண்டில் ஒரு சிகரெட் பெட்டி

யுத்த காலத்தில், கொழும்பில் கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தைக்குப் போன பஸ்ஸில், என் முன் இருக்கையில் இருந்த கர்ப்பிணிப் பெண் கணவனிடம் சொன்னாள்:

“செக்பொயிண்ட் வந்தால் சந்தோஷப்படுற ஒரே தமிழன் நீங்கள்தான்.”

“ஏனப்பா?”

“இறங்கி வரிசையில நிண்டு சிகரெட் பத்தலாமெல்லோ.”

“உமக்குப் புகை படக்கூடாதெண்டுதானே தூரப் போறன்.”

“வீட்டில ஆர் பத்துறது? புகையால பிள்ளை குறையோட பிறக்கலாமெண்டு டொக்டர் சொன்னவரெல்லோ? கலியாணம் முடிச்ச நாள் துவங்கி நான் குளிசை குடிக்கிறன், கீரை தின்னுறன். பிள்ளைக்கு நீங்கள் என்ன செய்தீங்கள்?”

“பெயர் யோசிச்சனான்.”

ஆமிச் செக்பொயிண்டில் பஸ் நின்றது. அவளும் இறங்கினாள். கணவனைச் சோதித்த சிப்பாயிடம் சிங்களத்தில், “மல்லி” என்று தம்பி முறை சொல்லி, “அந்த சிகரெட் பெட்டியைப் பறிச்சு வைச்சுக்கொள்ளுங்கோ. பிள்ளைக்குக் கூடாது” என்றாள். அவன் சிரித்துக்கொண்டு பெட்டியைத் தன் சட்டைப்பைக்குள் போட்டான்.

“அடையாள அட்டையைத் தந்திட்டான், பெட்டியைத் தரேல்லை” என்று கணவன் ஏறும்போது முணுமுணுத்தான்.

“அப்ப பிள்ளைக்கு அவன்ர பெயரையே வைப்பம்.”

பஸ்ஸில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என் மனைவி மூன்று பிள்ளைகளைச் சுமந்தபோதும் நான் கட்டிலில் சாய்ந்தபடிதான் புகைத்தேன். அவள் எழுந்து போய் யன்னலைத் திறப்பாள்.