மீட்டருக்கு ஒரு பொட்டி

இது மேக்கப் பொட்டி, கடைக்கார நானா. தட்டு தட்டா விரியுது, உள்ள கண்ணாடி வேற. இதத் தூக்கிட்டு எங்க வீட்டுக்காரர் வேலைக்குப் போனா, பொண்ணச் சோடிக்க ஆள் வந்திருச்சுன்னு நேரா உள் ரூமுக்குக் கூட்டிட்டுப் போயிருவாங்க. அவரு வயரிங் பாஸ். கரண்ட் வேலை. உள்ள வந்ததும் மொதல்ல அதத்தானே சொன்னேன்?

ஆமா, மீட்டர் வைக்கத்தான். அளவு பாக்கக் கையோட கொண்டாந்திருக்கேன். இது கரண்ட் இருக்கான்னு பாக்குற மீட்டர். இது ரெண்டும் அதோட வயர், புதுசு. அப்புறம் ஒரு டெஸ்டர், கிளிப்பு நாலு, பேட்டரி. அவ்வளவுதான், சீதனச் சாமான் ஒண்ணும் இல்ல.

அடேயப்பா! இரும்புப் பொட்டியா? இதுல எங்க மாமியாரையே மடிச்சு வைக்கலாம் போலருக்கே. இதோட ஹந்தானை மலை ஏத்தத்துல ஏறினா, பாஸ் வேலைக்குப் போக மாட்டாரு, நேரா ஆசுபத்திரிக்குத்தான். அதோட இதுலயும் ஒரே குழி. எல்லாம் ஒண்ணுக்கு மேல ஒண்ணு விழும். அதுக்குப் பழைய பேக்கே போதுமே.

பழைய பேக்கா? ஐயோ, அத ஏன் கேக்குறீங்க. குப்பை லொறி தோத்துரும். சுத்தியல், பிளையர், ட்ரில் மிஷின், எல்லாத்துக்கும் அடியில இந்த மீட்டர். அதோட வயர் ட்ரில்லுக்குக் கீழ மடிஞ்சு நசுங்கிக் கெடந்திச்சு. பதினாறு வருசம் வேலை செஞ்ச மனுசனோட பேக்கு! கண்காட்சிக்கு வைக்கலாம்.

துணிப் பேக்கு வேணாம். தண்ணி போகாதா? ஒங்க கடைக்குள்ளயே ஒழுகுதுன்னு அந்தா வாளி வச்சிருக்கீங்க, இந்தப் பேக்குக்குள்ள தண்ணி போகாதுங்கிறீங்க. சரி சரி, கோவிச்சுக்காதீங்க. அடுத்ததக் காட்டுங்க.

அவரையே கூட்டிட்டு வந்திருக்கலாம்தான். ராசா மஹய்யாவ வீட்டுல கதிரைய விட்டு எந்திரிக்கணுமே. மூணு மாசமா ஐயாவுக்கு லீவு. ஊரெல்லாம் லைட் எரிய வச்ச ஆளு, இப்ப வீட்டுல பல்பு போனா ஸ்டூலைப் போட்டு என்னைய ஏத்துறாரு. நான் மேல நிப்பேன், அவரு வாசல்ல நின்னுக்கிட்டு மெயின ஓஃப் பண்ணியாச்சா, ஓஃப் பண்ணியாச்சான்னு நாலு தடவ கேப்பாரு. சிரிக்காதீங்க நானா. நானும் மொத வாரம் சிரிச்சேன்.

கரண்ட் அடிச்சிருச்சு. ஒரு வீட்டுல ஏணி மேல நின்னு மீட்டர் வச்சுப் பாத்திருக்காரு. சைபர் காட்டியிருக்கு. சரி, கரண்ட் இல்லன்னு கைய வச்சாரு. தூக்கி எறிஞ்சிருச்சு. பாத்தா, மீட்டரோட செவப்பு வயரு கழுத்துக்கிட்ட உள்ளுக்குள்ள அறுந்திருக்கு. மேல தோல் நல்லாத்தான் இருக்கு, கம்பிதான் அறுந்திருக்கு. கரண்ட் இல்லாட்டியும் சைபர், வயர் அறுந்தாலும் சைபர். நல்ல மெஷின், இல்லையா? எப்பவும் மொதல்ல கரண்ட் இருக்கிற பிளக்குல வச்சுச் சரியாக் காட்டுதான்னு பாத்துட்டுத்தான் வேலையத் தொடங்குவாரு. அன்னைக்குன்னு பாத்து வீட்டுக்காரம்மா அவசரப்படுத்திருச்சு.

கை நல்லாயிருச்சு. டொக்டர் வேலைக்குப் போகச் சொல்லிட்டாரு. இவருக்குத்தான் தைரியம் போச்சு. போன கெழம பேக்கைத் தொறந்தாரு, மீட்டரப் பாத்தாரு, அப்படியே சிப்ப இழுத்து மூடிட்டாரு. என் கையை இனி நம்ப ஏலாது, எங்கயாச்சும் செக்யூரிட்டி வேலைக்குப் போறேன்னு சொல்றாரு. ஹந்தானையில சுந்தரலிங்கம் சேர்தான் விடாம கோல் எடுத்து, கிருஷாந்தன் பாஸ் வந்தாத்தான் என் வீட்டு வேலைன்னு ஒத்தக் கால்ல நிக்கிறாரு. நேத்துத்தான் இவரு சரின்னாரு. நாளைக்குக் காலைல எட்டு மணிக்கு. அந்தப் பழைய பேக்கத் தொறந்தாருன்னா திரும்பவும் கதிரைதான் நானா, எனக்கு நல்லாத் தெரியும்.

ஆ, இது! இத மொதல்லயே காட்டுறதுக்கென்ன, ஒளிச்சு வச்சிருந்தீங்களா? உள்ள ஸ்பஞ்சு, மீட்டருக்குத் தனிக் குழி, வயருக்குத் தனி. இங்க பாருங்க, மடிக்காம வட்டமா அப்படியே உக்காருது. லொக்கும் லேசா இருக்கு. இதுதான், இதுதான்.

என்ன சொன்னீங்க?

இல்ல, இப்ப என்னமோ சொன்னீங்களே. பாஸ்மாருக்குக் கவலையீனம், சாமானப் போட்டு அடைச்சு வச்சா அப்படித்தான் நடக்கும்னு. அப்படிச் சொல்லாதீங்க நானா. நான் சொல்லலாம், நீங்க சொல்லக் கூடாது. கவலையீனமா? அந்த மனுசனா? வயர மடிக்கவே மாட்டாரு. அலுமாரி பக்கத்துல ஆணி அடிச்சு, ரெண்டையும் தனித்தனியாத் தொங்க விட்டிருப்பாரு. மீட்டருக்கு ஒரு துவாய், பச்சப் புள்ளயச் சுத்துற மாதிரி சுத்தி வைப்பாரு. கரண்ட் அடிக்கிறதுக்கு முந்தி, எங்க அக்கா குடும்பத்தோட வாராங்கன்னு வீட்ட ஒதுக்கினேன். செவுத்துல என்ன இது, பாம்பு தொங்குற மாதிரின்னு எல்லாத்தையும் வாரி அந்தப் பேக்குக்குள்ள அடைச்சது நான்தான். சிப் மூடல. முட்டியால அமுக்கி மூடினேன்.

இல்ல, அவருக்குத் தெரியாது. அவசரத்துல தானேதான் அப்படிப் போட்டிருக்கணும்னு நெனச்சுக்கிட்டு இருக்காரு. ஆசுபத்திரியில வச்சு, எனக்கு மூளை கொழம்பிருச்சு நிரஞ்சனின்னு என் கையப் புடிச்சு அழுதாரு. அப்பக்கூட நான் வாயத் தொறக்கல. மூணு மாசமா பொட்டி பாத்துக்கிட்டு இருக்கேன். கண்டியில ஒரு கடை பாக்கியில்ல.

பேப்பர் சுத்த வேணாம் நானா. பேக்லயும் போட வேணாம். இப்படியே கையில தாங்க. வாசல்ல வச்சே கேப்பாரு, இப்ப எதுக்கு இதுன்னு. அப்ப சொல்லித்தானே ஆகணும்.