ஞாயிற்றுக்கிழமையும் காலேஜ்

சிதம்பரத்திலிருந்து புவனகிரி வழியாகக் கடலூர் போகும் பஸ். எனக்கு முன்சீட்டில், மீன் விற்றுத் திரும்பும் பெண்கள் இருவர். காலிக் கூடைகள் காலடியில் இருந்தன. மூத்தவள் சொன்னாள்:

"ஞாயித்துக்கெழம காலேஜ் ஏன் லீவு வுடறாங்கன்னு எங்க சம்பந்தியம்மா சண்ட போடுது."

"கல்யாணம் முடிஞ்ச கையோட உன் பொண்ணோட புக்க எல்லாம் பழைய பேப்பர் கடையில போட்டுச்சே, அதுவாக்கா?"

"அதேதான். கவர்மெண்டு ஸ்கூல்ல படிச்ச பொண்ணு காலேஜ் போனா மாசாமாசம் ஆயிரம் ரூபா வருதுல்ல? ஒரு நாள் போவலன்னாலும் பணம் நின்னுடும்னு நெனச்சுக்கினு இருக்குது. விடியறதுக்குள்ள எந்திரிச்சு டப்பால சோறு கட்டுது. கைக்கொழந்தைய அதான் பாத்துக்குது. தலவலின்னு பொண்ணு படுத்தாக்கூட, மாத்திரைய குடுத்து பஸ் ஏத்தி வுட்டுட்டுத்தான் வருது."

இளையவள் வாயில் கை வைத்தாள். பஸ் வெள்ளாற்றுப் பாலம் தாண்டியதும் கேட்டாள்:

"ஒரு நாள் போவலன்னா பணம் ஒண்ணும் நிக்காதேக்கா. நீ எடுத்துச் சொல்லலாம்ல?"

மூத்தவள் கூடையைக் காலால் உள்ளே தள்ளினாள்.

"சொல்றேன். இன்னும் ரெண்டு வருஷம் படிப்பு கெடக்குது. அது முடியட்டும், சொல்றேன்."