சட்டியில் கிடந்த சிப்பி

மீன் எண்ணுகிறவன் முதல் மீனை ஒன்று என்று சொல்ல மாட்டான், ஐயா. லாபம், ரெண்டு, மூணு என்றுதான் போகும். ஊரூர்க் குப்பத்தில் எல்லார் மீனையும் எண்ணிக் கொடுப்பவன் இந்தச் சுப்பராயன்தான். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பார்கள். கடலுக்கு மட்டும் அளவு வேண்டாமா?

ஆனால் ஆளை எண்ண மாட்டோம். கடலுக்குப் போகிறவனைத் தலை தலையாக எண்ணினால் கண் பட்டுவிடும். அதற்குத்தான் சிப்பி. போகும்போது ஆளுக்கு ஒரு சிப்பியை என் சட்டியில் போடுவான், வந்ததும் எடுத்துவிடுவான். பொழுது சாயும்போது சிப்பி மிஞ்சியிருந்தால் தேடப் பெரிய படகு போகும். காலியாக இருந்தால் எல்லாரும் சோறு தின்னப் போவார்கள்.

அம்மாசி என் மருமகன். நல்ல பிள்ளை. குடிக்க மாட்டான், என் மகள் குப்பம்மாவைக் கடிந்து ஒரு வார்த்தை சொன்னதில்லை. சீமையில் இந்தச் சண்டை வந்ததிலிருந்து துறைமுகத்தில் கூலி ஏறிவிட்டது. ராயபுரத்தில் வீடு பார்த்துவிட்டான். "நீயும் வந்துடு மாமா, இங்க ஒண்டியா இன்னா பண்ணுவே?" என்று என்னையும் கூப்பிட்டான்.

அங்கே போய் நான் எதை எண்ணுவது? பெண்டாட்டி போன பிறகு எனக்கு உலை வைத்தவள் குப்பம்மா. அவளைப் பிரித்துக்கொண்டு போக நினைத்தவனிடம் நான் ஒரு நாளும் முகம் கோணியதில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அன்று சாயங்காலம் ஐப்பசிக் காற்று எழும்பியது. எல்லாரும் அடித்துப் பிடித்துக் கரை ஏறினார்கள். படகுக்கார ராஜரத்தினம் என்னிடம் ஓடி வந்தான்.

"சித்தப்பா, அம்மாசி எங்க? அவன் கட்டுமரத்தையும் காணோமே?"

சட்டியைக் கவிழ்த்துக் காட்டினேன். "முகத்துவாரத்தாண்ட ஒதுங்கிட்டான். மரம் அங்கதான் கீது. சிப்பிய எடுத்துக்கினு போய்ட்டான்."

அவனுக்கு மனசு கேட்கவில்லை. "எதுக்கும் ஒரு தபா பாத்துட்டு வந்துடறோம்" என்று தன்னையும் சேர்த்து ஆறு பேராகப் படகைத் தள்ளக் கை வைத்துவிட்டான். அப்போது குப்பம்மா வந்தாள்.

"எங்க நைனா கணக்கு தப்பாதுண்ணே. அது வீட்டு விஷயமா ராயபுரம் போயிருக்கும். இந்தக் காத்துல நீங்க வேற ஏன் மாட்டிக்கிறீங்க?"

படகு மணலிலேயே நின்றது. அவள் புருஷனுக்குக் குழம்பு வைக்க வீட்டுக்குப் போனாள். பெற்ற மகளுக்கு என்மேல் இருந்த நம்பிக்கையை நினைத்தால் இப்போதும் மனசு நிறைகிறது, ஐயா.

கணக்கு பாருங்கள். போயிருந்தால் ஆறு பேர் திரும்பியிருப்பார்களா? ஒருத்தனுக்கு ஆறு பேர் என்பது எந்த ஊர் நியாயம்? ஆறு தாலியைக் காப்பாற்றியவனைத்தான் இங்கே ஸ்டேஷனில் உட்கார வைத்திருக்கிறீர்கள்.

மறுநாள் திருவான்மியூர்க் கரையில் அம்மாசி மரத்தின் ஒற்றைக் கட்டை மட்டும் ஒதுங்கியது. குப்பம்மா அதைக் கட்டிக்கொண்டு அழுதாள். அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. சோறு மட்டும் வைக்கிறாள்.

காற்று எழும்புவதற்கு முன்பே, உச்சி வெயிலில், கடல் தட்டு மாதிரி கிடந்தபோதே நான் சட்டியில் கைவிட்டு ஒரு சிப்பியை எடுத்ததை மீன்காரி ஜெசிந்தா பார்த்தாளாம். பார்த்திருப்பாள். அவள் பொய் சொல்கிறவள் இல்லை.

கட்டுமரம் கரைக்கு வந்ததும் கயிற்றை அவிழ்த்துக் கட்டைகளைக் காயப்போடுவோம், ஐயா. விடியலில் திரும்பக் கட்டுவோம். அம்மாசியின் மரத்தைக் கட்டிக் கொடுப்பது நான்தான். எப்போதும் ஏழு சுற்று. அன்றைக்கு லாபம், ரெண்டு, மூணு என்று சுற்றி முடிச்சைப் போட்டுவிட்டேன்.

"போதுமா மாமா?" என்று கேட்டான்.

"போதும், நீ போ" என்றேன்.

அவனுக்கும் கண் இருந்தது, எண்ணிப் பார்த்திருக்கலாம். அடுத்தவன் எண்ணியதை நம்பிக் கடலில் இறங்குகிறவனுக்கு நான் என்ன செய்ய முடியும்?